கர்ப்ப காலத்தில் மதுவும் நஞ்சுக்கொடியின் எபிஜெனெடிக்ஸும்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

கல்லூரியில் உயிரியல் கற்பிக்கிறேன், மருத்துவர் இல்லை. ஒரு மகளிர் கூட்டத்தில் கருவும் மரபணுவும் பற்றிப் பேசப் போயிருந்தேன். பேச்சு முடிந்ததும் ஒவ்வொருவராக அருகில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டவற்றில் பாதிக்கு மேல் மதுவைப் பற்றிய கேள்விகள். தனக்காகக் கேட்டவர்கள் சிலர். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்காகவும் மருமகளுக்காகவும் கேட்டவர்கள் பலர். கணவனை நினைத்துக் கேட்டவர்களும் உண்டு. அதன்பிறகு வகுப்பறையிலும் தொலைபேசியிலும் அதே சந்தேகங்கள் வந்துகொண்டே இருந்ததால், கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றைத் தொகுத்துவிட்டேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை போகப் போக.

நஞ்சுக்கொடி, தொப்புள்கொடி இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. தொப்புள்கொடி கயிறு போன்றது. அந்தக் கயிறு போய்ச் சேரும் வட்டமான சதைத் தட்டுதான் நஞ்சுக்கொடி. கர்ப்பப்பையின் உட்சுவரில் ஒட்டியிருக்கும். நிறைமாதத்தில் ஏறத்தாழ அரைக் கிலோ எடையும் 20 செ.மீ.க்குச் சற்று மேற்பட்ட அகலமும் இருக்கும். குழந்தை பிறந்த சிறிது நேரத்தில் அதுவும் வெளியே வந்துவிட வேண்டும். தங்கினால் தாயின் உயிருக்கு ஆபத்து. மாடு ஈன்றதும் விழும் கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டித் தொங்கவிடும் ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

பலருக்குத் தெரியாதது வேறொன்று. நஞ்சுக்கொடியின் பெரும்பகுதி தாயுடையது அல்ல, குழந்தையுடையது. கருத்தரித்த ஐந்தாறு நாட்களில், கரு ஒரு சிறு உருண்டையாக இருக்கும்போதே, உட்புறச் செல்கள் குழந்தையாகவும் வெளிச்சுற்றுச் செல்கள் நஞ்சுக்கொடியாகவும் பிரிந்துவிடுகின்றன. பிறக்கும்வரை குழந்தைக்கு நுரையீரல், குடல், சிறுநீரகம் ஆகியவற்றின் வேலையைப் பார்ப்பது இந்த ஓர் உறுப்புதான். இது நினைவில் இருக்கட்டும்; பின்னால் பல பதில்களுக்குத் தேவைப்படும்.

நஞ்சுக்கொடி ஒரு வடிகட்டி என்று படித்தோம். மதுவை அது தடுத்துவிடாதா?

தடுக்காது. பல கிருமிகளையும் பெரிய மூலக்கூறுகளையும் அது ஓரளவு தடுத்து நிறுத்தும். மதுவில் போதை தரும் பொருளான எத்தனால் அப்படிப்பட்டதல்ல. மிகச் சிறிய மூலக்கூறு. நீரிலும் கரையும், கொழுப்பிலும் கலக்கும். செல்லின் சவ்வை எந்த உதவியும் இல்லாமல் கடந்துவிடும். தாய் குடித்த ஒரு மணி நேரத்துக்குள் தாயின் ரத்தத்தில் எவ்வளவு மது உண்டோ கிட்டத்தட்ட அவ்வளவும் குழந்தையின் ரத்தத்தில் இருக்கும்.

அதை உடைத்துத் தள்ள வளர்ந்தவர்களிடம் கல்லீரல் இருக்கிறது. கருவின் கல்லீரலில் அந்த நொதிகள் மிகக் குறைவு. பனிக்குட நீரில் இறங்கிய மதுவைக் குழந்தை மீண்டும் விழுங்குகிறது. தாய் தெளிந்துவிட்ட பிறகும் குழந்தைக்கு அது தீர்ந்திருக்காது. போகிற வழியில் நஞ்சுக்கொடியும் அதில் ஊறுகிறது என்பதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். காவல்காரரைப் பற்றிப் பேசுகிறோமே தவிர, காவல்காரருக்கு என்ன ஆனது என்று கேட்பதில்லை.

ஒயின், பீர் எல்லாம் லேசானவைதானே? ஒன்றிரண்டு கிளாஸ் பரவாயில்லை என்கிறார்களே?

கிளாஸ் ஓர் அளவே இல்லை. உள்ளே இருக்கும் எத்தனாலைக் கிராமில் பாருங்கள். 12 சதவீத ஒயின் 150 மி.லி. என்றால் சுமார் 14 கிராம். நம் ஊர்க் கடையில் கிடைக்கும் 650 மி.லி. 'ஸ்ட்ராங்' பீர் 8 சதவீதம் என்றால் சுமார் 41 கிராம். 180 மி.லி. குவார்ட்டர் 60 கிராமைத் தொடும். 'ஒரு டிரிங்க்' என்பது அமெரிக்காவில் 14 கிராம், ஆஸ்திரேலியாவில் 10 கிராம். பிரிட்டனின் 'யூனிட்' 8 கிராம். அமெரிக்கக் கட்டுரையைப் படித்துவிட்டு 'ஒரு பீர்தானே' என்று இங்கே கணக்குப் போட்டால் மூன்று மடங்கு தவறு வரும்.

'கொஞ்சம் போகட்டும்' என்று ஒரு காலத்தில் சொன்னவர்களும் பின்வாங்கிவிட்டார்கள். கர்ப்பிணிகள் வாரத்துக்கு ஓரிரு முறை, ஒன்று இரண்டு யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்றுதான் பிரிட்டனில் முன்பு அறிவுரை இருந்தது. 2016இல் அந்நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரிகள் அதைக் கைவிட்டு, ஒரு துளியும் வேண்டாம் என்று மாற்றினார்கள். சிறிய அளவு கெடுதல் செய்கிறது என்று உறுதியாகத் தெரிந்ததால் மாற்றவில்லை. கெடுதல் செய்யாத அளவு எது என்று யாராலும் கோடு கிழிக்க முடியவில்லை, அதனால் மாற்றினார்கள். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு.

எபிஜெனெடிக்ஸ் என்கிறீர்களே, குடித்தால் மரபணுவே மாறிவிடுமா?

மரபணுவின் எழுத்துகள் மாறுவதில்லை. எழுத்தின் மேல் வைக்கும் குறி மாறுகிறது. வகுப்பில் நான் சொல்லும் உவமை நம் புள்ளிதான். 'க' என்று எழுதி மேலே ஒரு புள்ளி வைத்தால் 'க்'. எழுத்தின் உருவம் அப்படியே இருக்கிறது, உயிரொலி அடங்கிவிடுகிறது. டி.என்.ஏ.விலும் சைட்டோசின் என்ற எழுத்தின் மேல் மீத்தைல் என்னும் சிறு வேதிக் குறி உட்காரும். ஒரு மரபணுவின் தொடக்கத்தில் இந்தப் புள்ளிகள் அடர்த்தியாக விழுந்தால் அந்த மரபணு பெரும்பாலும் வாய் மூடிக்கொள்ளும். நீக்கினால் பேசும். கண்ணிலும் கல்லீரலிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ.; புள்ளிகள் வேறு, அதனால் வேலையும் வேறு.

இதைத் தவிர, டி.என்.ஏ. சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் என்ற புரதக் கண்டுகளின் மேலும் குறிகள் உண்டு. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற குறுந்துணுக்குகளும் மரபணுக்களின் குரலை அடக்கும். மூன்றையும் சேர்த்துத்தான் எபிஜெனெடிக்ஸ் என்கிறோம். இந்தப் பக்கத்தில் 'புள்ளி' என்று வந்தால் மீத்தைல் குறி என்று கொள்ளுங்கள்.

எத்தனையோ உறுப்புகள் இருக்க, நஞ்சுக்கொடியின் புள்ளிகளுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

மூன்று காரணங்கள் சொல்வேன். முதலாவது, காலம். கருத்தரித்ததும் தாய் தந்தையிடமிருந்து வந்த புள்ளிகளில் பெரும்பாலானவை அழிக்கப்பட்டு, புதிதாக வைக்கப்படுகின்றன. சுவடியைத் துடைத்து மறுபடி எழுதும் இந்த வேலை நடப்பது, பெண்ணுக்குத் தான் கர்ப்பமென்று தெரியாத நாட்களில். இரண்டாவது, நஞ்சுக்கொடியின் இயல்பு. மற்ற உறுப்புகளோடு ஒப்பிட்டால் அதில் புள்ளிகள் குறைவு. பழைய ஓலைச்சுவடியில் புள்ளி வைக்காமல் எழுதிப் போவார்களே, ஏறத்தாழ அப்படி.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பெரும்பாலான மரபணுக்களில் தாய் தந்த பிரதி, தந்தை தந்த பிரதி இரண்டும் வேலை செய்யும். சுமார் நூறு மரபணுக்களில் மட்டும் ஒன்று பேசும், மற்றது வாய் திறக்காது. எது பேச வேண்டும் என்பதைப் பெற்றோர் முத்திரை தீர்மானிக்கிறது. மேலே சொன்ன துடைப்பிலும் இந்த முத்திரைகள் அழிவதில்லை. 11ஆம் குரோமோசோமில் அக்கம்பக்கமாக இருக்கும் ஐ.ஜி.எஃப்.2, எச்19 என்ற இரண்டும் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. ஐ.ஜி.எஃப்.2இல் தந்தை வழிப் பிரதி பேசும். அது 'வளர்' என்று தூண்டும். எச்19இல் தாய் வழிப் பிரதி பேசும். அது வளர்ச்சிக்குக் கடிவாளம். இந்த இழுபறி பெரிதும் நடக்கும் களம் நஞ்சுக்கொடிதான். அங்கே முத்திரை பிசகினால் நஞ்சுக்கொடியின் அளவு மாறும். அது மாறினால் குழந்தைக்குப் போகும் உணவும் மாறும்.

மது எப்படிப் போய் அந்தப் புள்ளியைத் தொடுகிறது?

ஒரு வழியல்ல, பல வழிகள். எளிதில் புரிவது சரக்கு வரத்து. மீத்தைல் குறி காற்றிலிருந்து வருவதில்லை. கீரையிலும் பருப்பிலும் உள்ள ஃபோலேட், முட்டையில் உள்ள கோலின், மெத்தியோனின், பி12 ஆகியவை சேர்ந்து செல்லுக்குள் அதைத் தயாரித்துக் கொடுக்கின்றன. மது ஃபோலேட்டைக் குடல் உறிஞ்சவிடாமல் செய்கிறது. மெத்தியோனினை மறுபடி உருவாக்கும் நொதியையும் தடுக்கிறது. மதுவிலிருந்து உண்டாகும் அசிட்டால்டிஹைடு, புள்ளி வைக்கும் நொதியின் கையையே கட்டிப்போடுகிறது. சினைச் சுண்டெலிகளுக்கு மது கொடுத்தபோது கருவின் டி.என்.ஏ.வில் புள்ளிகள் குறைந்ததை 1991லேயே காட்டினார்கள்.

ஹிஸ்டோன் குறிகளுக்கு வேறு பாதை. உடல் மதுவை உடைத்து முடிக்கும்போது அசிட்டேட் மிஞ்சுகிறது. அந்த அசிட்டேட் நேராகப் போய் ஹிஸ்டோன் மேல் குறியாக உட்காருகிறது என்று 2019இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் அடையாளமிட்ட எத்தனாலைக் கொண்டு காட்டினார்கள். தாய்ச் சுண்டெலி குடித்த மதுவின் கரிமம் கருவின் மூளை ஹிஸ்டோனில் போய் உட்கார்ந்திருந்தது. இது மூளையில் கண்டது, நஞ்சுக்கொடியில் அல்ல. ஆனாலும் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

மைக்ரோ ஆர்.என்.ஏ. பாதைக்கு உக்ரைன் போக வேண்டும். மேற்கு உக்ரைனில் கர்ப்ப காலத்தில் குடித்த தாய்மார்களின் ரத்தத்தை ஆராய்ந்தபோது, குழந்தை பாதிக்கப்பட்ட தாய்மாரிடம் 11 மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் கூடியிருந்தன. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் அந்தப் பதினொன்றையும், மது இல்லாமல், சினைச் சுண்டெலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். கருவின் வளர்ச்சி குன்றியது. நஞ்சுக்கொடியின் வளர்ச்சியும் கெட்டது.

நஞ்சுக்கொடியிலேயே பார்த்தவர்கள் உண்டா? அல்லது எல்லாம் ஊகமா?

உண்டு. என் கணக்கில் முக்கியமானது 2009இல் தென் ஆப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில், விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் ஹேகாக், ராம்சே இருவரும் செய்த ஆய்வு. கரு கர்ப்பப்பையில் ஒட்டுவதற்கும் முந்திய நாட்களில் மட்டும் சுண்டெலிகளுக்கு மது கொடுத்தார்கள். பின்னால் எடுத்துப் பார்த்தபோது கருவும் நஞ்சுக்கொடியும் சிறுத்திருந்தன. எச்19 முத்திரைப் பகுதியில், கருவின் உடலில் புள்ளிகள் ஏறக்குறைய சரியாகவே இருந்தன. நஞ்சுக்கொடியில் தந்தை வழிப் பிரதியின் புள்ளிகள் குறைந்திருந்தன. ஒரே உருண்டையிலிருந்து பிரிந்த இரண்டில் வெளிச்சுற்று அடி வாங்கியிருக்கிறது. கருவை மட்டும் சோதித்திருந்தால் 'ஒன்றும் இல்லை' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள்.

மறுவருடம் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இன்னொரு சோதனை. அகூட்டி என்ற வகைச் சுண்டெலியில் ஒரு மரபணுவின் மேல் புள்ளி குறைவாக இருந்தால் ரோமம் மஞ்சள், கூடுதலாக இருந்தால் பழுப்பு. சினையின் முதல் எட்டு நாட்கள் தாய்க்கு 10 சதவீத மது கொடுத்தபோது பழுப்புக் குட்டிகள் அதிகமாகப் பிறந்தன. இங்கே புள்ளி கூடியிருக்கிறது! ஆகவே 'மது புள்ளியைக் குறைக்கும்' என்று ஒரு வரியில் முடித்துவிட முடியாது. ஒரு இடத்தில் குறைக்கிறது, ஒரு இடத்தில் கூட்டுகிறது. இதைக் கேட்டதும் மாணவர்கள் ஏமாற்றமடைகிறார்கள். எனக்கு இது இயற்கையாகவே படுகிறது.

பிரிஸ்பேன் ஆய்வை நடத்திய நீனா காமினென்-அஹோலா பிறகு பின்லாந்தின் ஹெல்சிங்கியில் மனித நஞ்சுக்கொடிகளைச் சேகரித்தார்: கர்ப்பத்தில் அதிகமாகக் குடித்த தாய்மார்களுடையவை, குடிக்காதவர்களுடையவை. 2022இல் அந்தக் குழு, மிக இளங்கருவில் மரபணுப் பொதியைக் கையாளும் டி.பி.பி.ஏ.4 என்ற மரபணுவின் மேல் புள்ளிகள் மாறியிருப்பதைச் சுட்டியது. தென் ஆப்பிரிக்காவின் கேப் டவுனில் மிகுதியாகக் குடித்த தாய்மாரின் நஞ்சுக்கொடிகள் எடை குறைந்திருந்தன. எந்தெந்த மரபணுக்கள் கூட்டாக வேலை செய்கின்றன என்ற ஒழுங்கும் மாறியிருந்தது.

எதற்கெடுத்தாலும் ஏன் தென் ஆப்பிரிக்கா வருகிறது?

மேற்குக் கேப் மாகாணத்தின் திராட்சைத் தோட்டங்களில் கூலியின் ஒரு பகுதியை மலிவான ஒயினாகக் கொடுக்கும் 'டாப்' முறை தலைமுறைகளாக இருந்தது. சட்டம் தடை செய்த பிறகும் குடிப்பழக்கம் தங்கிவிட்டது. கருவில் மதுவால் பாதிக்கப்பட்ட குழந்தைகள் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவாகியிருப்பது அங்கேதான். உலக அளவில் ஆயிரத்துக்கு சுமார் 8 என்றால், தென் ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கு சுமார் 111 என்று 2017இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. அறிவியலுக்கு இவ்வளவு தரவு கொடுத்த பெண்கள் அதைத் தாமாக முன்வந்து கொடுக்கவில்லை. சம்பளத்துக்குப் பதிலாகச் சாராயம் ஊற்றியவர்கள்தான் அந்தத் தரவை உண்டாக்கினார்கள்.

அப்படியானால் மனிதர்களில் நிரூபித்தாகிவிட்டது என்று சொல்லலாமா?

மது கருவைப் பாதிக்கும் என்பது நிரூபணமான செய்தி. 1968இல் பிரான்சின் நாந்த் நகரில் லெமுவான் 127 குழந்தைகளைப் பற்றி எழுதினார். 1973இல் சியாட்டிலில் ஜோன்ஸும் ஸ்மித்தும் அந்தப் பாதிப்புக்குப் பெயர் சூட்டினார்கள். குறுகிய கண் பிளவு, மூக்குக்குக் கீழே பள்ளம் இல்லாத வழவழப்பு, மெல்லிய மேலுதடு, சிறிய தலை, கற்றலில் சிரமம். இதில் ஐயமில்லை. ஆனால் நஞ்சுக்கொடியின் புள்ளிகள் மாறுவதுதான் அந்தப் பாதிப்புக்குக் காரணமா, அல்லது பாதிப்போடு கூட வரும் தடமா என்பது வேறு கேள்வி. அது இன்னும் முடியவில்லை.

சிக்கல்களைச் சொல்கிறேன். குடிப்பவர்களில் பலர் புகையும் பிடிக்கிறார்கள். புகையிலை விட்டுச் செல்லும் எபிஜெனெடிக் தடம் மிக அழுத்தமானது, மதுவின் தடத்தை மூடிவிடும். எவ்வளவு குடித்தீர்கள் என்று கேட்டால் குறைத்துத்தான் சொல்வார்கள். நஞ்சுக்கொடி பல வகைச் செல்களின் கலவை. எந்த மூலையிலிருந்து துண்டெடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே முடிவு மாறலாம். அத்துடன், ஆறு மக்கள்தொகை ஆய்வுகளைச் சேர்த்து மூவாயிரத்துக்கு மேற்பட்ட தாய்-சேய் இணைகளில் தொப்புள்கொடி ரத்தத்தைப் பார்த்த 2018ஆம் ஆண்டு ஆய்வு, மதுவுக்கும் புள்ளிகளுக்கும் உறுதியான தொடர்பு எதையும் காணவில்லை. அந்தத் தாய்மார்களில் பெரும்பாலோர் கொஞ்சமாகக் குடித்தவர்கள். பார்த்தது ரத்தம், நஞ்சுக்கொடி அல்ல. இருந்தாலும் அந்த முடிவை ஒளித்து வைக்கக் கூடாது. 'ஒரு மிடறு உங்கள் குழந்தையின் மரபணுவை மாற்றுகிறது' என்று தலைப்புப் போடுகிறவர்கள் அதை ஒளித்து வைக்கிறார்கள்.

ஃபோலிக் ஆசிட் மாத்திரையைச் சேர்த்துப் போட்டுக்கொண்டால் ஈடாகிவிடாதா?

சரக்கு வரத்தைப் பற்றி மேலே சொன்னதைக் கேட்டவர்கள் எல்லோருக்கும் அடுத்து வரும் கேள்வி இது. மாத்திரை எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் அவசியம். ஆனால் அது மதுவுக்குப் பரிகாரம் அல்ல. பல வழிகளில் ஒன்றை மட்டுமே அது தொடுகிறது. மது உள்ளே இருக்கும்வரை அந்த ஒரு வழியும் அடைபட்டேதான் இருக்கும்.

நம்பிக்கை தருவது கோலின். கேப் டவுனில் அதிகமாகக் குடித்த கர்ப்பிணிகளுக்கு நாள்தோறும் 2 கிராம் கோலின் கொடுத்த சிறிய சோதனையில், குழந்தைகளின் வளர்ச்சியும் ஒரு கற்றல் சோதனையின் முடிவும் மேம்பட்டிருந்தன. சிறிய சோதனை என்பதை அழுத்திச் சொல்கிறேன். கடையில் வாங்கித் தாமாக விழுங்கும் மருந்தாக அது இன்னும் ஆகவில்லை.

அரிஷ்டம் குடிக்கலாமா? இருமல் மருந்து?

அரிஷ்டம், ஆசவம் இரண்டும் புளிக்கவைத்துச் செய்பவை. அவற்றில் தானாக உண்டாகும் மது இருக்கிறது. புட்டியின் லேபிளில் எத்தனை சதவீதம் என்று போட்டிருப்பார்கள், பாருங்கள். பல அரிஷ்டங்கள் பீரைவிடக் கடுமையானவை. அளவு சில தேக்கரண்டிகள் என்பதால் பீர் புட்டியோடு ஒப்பிட முடியாது. ஆனாலும் கர்ப்பத்தில் தாமாக வாங்கிக் குடிக்க வேண்டாம். தசமூலாரிஷ்டம் பிள்ளை பெற்ற பிறகு கொடுப்பது என்பதைப் பாட்டிகளே அறிவார்கள். இருமல் மருந்திலும் மது இல்லாத வகை உண்டு, கேட்டு வாங்குங்கள்.

கர்ப்பம் என்று தெரியாமலேயே இரண்டு மூன்று தடவை குடித்துவிட்டேன். குழந்தை போச்சா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் அழுதுகொண்டே கேட்டார். முதலில் இதைச் சொல்கிறேன்: இல்லை, அப்படிச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ஜோகன்னஸ்பர்க், பிரிஸ்பேன் சோதனைகளில் சுண்டெலிகள் தம் உடல் எடைக்கு வாங்கிக்கொண்ட மது அதிகம். ஒரு விருந்தில் குடித்ததை அதோடு சேர்த்து வைத்துப் பார்க்கக் கூடாது. குடித்த தாய்மார்களிலும் 67 பேரில் ஒருவருக்கே முழு அளவிலான பாதிப்புடன் குழந்தை பிறக்கிறது என்று 2017இல் லான்செட் குழும இதழொன்றில் வந்த மதிப்பீடு கூறுகிறது. அதைவிட லேசான பாதிப்புகள் இந்தக் கணக்கில் வராது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

தெரிந்த இன்றிலிருந்து நிறுத்துங்கள். மூளை ஒன்பது மாதமும் வளர்கிறது, நஞ்சுக்கொடியும் வளர்ந்துகொண்டே போகிறது. எப்போது நிறுத்தினாலும் பயன் உண்டு. மருத்துவரிடம் மறைக்காதீர்கள். தினமும் அதிகமாகக் குடித்துப் பழகியவர் மட்டும் ஒரேயடியாகத் தாமே நிறுத்திவிட வேண்டாம். உடல் நடுக்கம், வலிப்பு வரலாம், அது கருவுக்கும் ஆபத்து. மருத்துவமனையில் சேர்ந்து நிறுத்த வேண்டும்.

என் தோழி கர்ப்பத்தில் குடித்தாள், அவள் மகன் முதல் மதிப்பெண் வாங்குகிறான். அப்போது இதெல்லாம் பொய்யா?

மேலே சொன்ன 67இல் ஒன்று என்ற கணக்கை மறுபடி பாருங்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி நடப்பதில்லை. எவ்வளவு, எப்போது, வயிற்றில் சாப்பாடு இருந்ததா, தாயின் கல்லீரல் எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என எல்லாம் சேரும். குழந்தையின் மரபணுவும் சேரும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இரட்டைக் குழந்தைகளை ஆராய்ந்தபோது, ஒரே கருமுட்டையில் பிறந்த இரட்டையருக்குப் பாதிப்பும் ஒன்றுபோல் இருந்தது. இரு முட்டைகளில் பிறந்த இரட்டையரில் சில இணைகளில், ஒரே கர்ப்பப்பையில் ஒரே மதுவில் இருந்தும், ஒருவர் மற்றவரைவிட அதிகமாகப் பாதிக்கப்பட்டிருந்தார். தோழியின் மகன் நன்றாக இருக்கட்டும். அவன் ஒருவன் ஆய்வு ஆகமாட்டான்.

குடிப்பது அவர். எனக்கு அந்த வாடையே ஆகாது. அவர் குடிப்பதால் நஞ்சுக்கொடிக்கு ஏதாவது ஆகுமா?

இந்தியாவுக்கு மிகப் பொருத்தமான கேள்வி இதுதான், கடைசியில்தான் கேட்கிறார்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் குடிப்பவர்கள் 1.3 சதவீதம், ஆண்களில் 18.8 சதவீதம்.

நஞ்சுக்கொடி குழந்தையுடையது என்றேன். குழந்தையில் பாதி அப்பா. டெக்சாஸ் ஏ அண்ட் எம்மில் மைக்கேல் கோல்டிங்கின் குழு, ஆண் சுண்டெலிகளுக்கு மட்டும் இணைசேர்வதற்கு முன் மது கொடுத்தது. பெண் சுண்டெலிகள் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. விந்தணுவின் ஹிஸ்டோன் குறிகள் மாறின; பிறகு உருவான நஞ்சுக்கொடிகளிலும் கருவின் வளர்ச்சியிலும் குறைகள் தெரிந்தன. மனிதரில் இதே கதை நடக்கிறது என்று இன்னும் காட்டப்படவில்லை. ஆனால் விந்தணு உருவாக இரண்டரை மாதம் போல ஆகும் என்பது மனிதருக்கும் பொருந்தும். குழந்தைக்கு முயல்கிறவர் மூன்று மாதம் முன்பே நிறுத்துவது நல்லது. மசக்கையில் கிடக்கும் பெண்ணுக்கு 'அதைச் சாப்பிடாதே, இதைச் சாப்பிடாதே' என்று பட்டியல் வாசிக்கும் வீட்டில் இந்த ஒரு வரியையும் யாராவது வாசிக்கட்டும்.

பிரசவத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடியைச் சோதித்து, தாய் குடித்தாரா என்று கண்டுபிடிக்கலாமா?

மருமகளைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்றால் பதில்: புள்ளிகளை வைத்து முடியாது. மது மட்டுமே உண்டாக்கும், வேறெதுவும் உண்டாக்காத புள்ளி மாற்றம் என ஒன்று இல்லை; மனஅழுத்தம், சத்துக்குறைவு, புகை எல்லாம் அதே இடங்களைத் தொடலாம். மது உடையும்போது உண்டாகும் கொழுப்பமில எத்தில் எஸ்டர் போன்ற பொருள்களைக் குழந்தையின் முதல் மலத்தில் தேடும் சோதனைகள் உண்டு. அவை வேதியியல், எபிஜெனெடிக்ஸ் அல்ல. அவற்றையும் குழந்தைக்குச் சிகிச்சை தரவே பயன்படுத்த வேண்டும். குடும்பப் பஞ்சாயத்துக்குச் சாட்சியாக நஞ்சுக்கொடியை அழைக்க நான் உதவமாட்டேன்.

கடைசியாக ஒன்று: நஞ்சுக்கொடியில் விழுந்த குறி பேரக்குழந்தை வரை போகுமா?

நஞ்சுக்கொடியின் குறி போகாது, போகவும் வழியில்லை. பிரசவ அறையில் அது குழந்தையிடமிருந்து வெட்டிப் பிரிக்கப்படுகிறது. அதன் புள்ளிகளும் அதோடு போய்விடுகின்றன. ஒன்பது மாதம் அது சரியாக உணவு கொடுத்ததா இல்லையா என்பதன் விளைவு மட்டும் குழந்தையின் உடலில் தங்கும். 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம் வந்தபோது கருவாக உருவானவர்களின் ரத்தத்தில், அறுபது ஆண்டு கழித்தும் ஐ.ஜி.எஃப்.2இன் புள்ளிகள் குறைந்திருந்ததைப் பார்த்திருக்கிறார்கள். அது அவர்கள் உடலில் தங்கியது, பேரன்மாரைப் பற்றிய செய்தி அல்ல.

தலைமுறை தாண்ட வேண்டுமென்றால் குறி கருமுட்டையிலோ விந்தணுவிலோ இருக்க வேண்டும். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் சர்க்காரின் குழு 2012இல் எலிகளில் அப்படியொன்றைக் காட்டியது: கருவில் மது பட்ட எலியின் மூளையில் பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவின் மேல் கூடிய புள்ளிகள், ஆண் வழியில் மூன்றாம் தலைமுறை வரை தெரிந்தன. பெண் வழியில் அப்படித் தொடரவில்லை. எலிக்கு மூன்று தலைமுறை ஒரு வருடத்தில் முடிந்துவிடும். மனிதரில் பார்க்க எழுபது எண்பது ஆண்டு வேண்டும். ஹெல்சிங்கியில் நஞ்சுக்கொடி சேகரித்த குழந்தைகளுக்கு இன்னும் மீசை முளைக்கவில்லை.